மண்டையிடியின் பங்காளிகள்

தமிழில் தலைவலி என்ற சொல்லைக் கேட்டு யாரும் தலையை நினைப்பதில்லை. மருமகன் தலைவலி, வாடகைக்குக் குடியிருப்பவர் தலைவலி, பத்திரிகை நடத்துவது தலைவலி. சலிப்புக்கும் வசவுக்குமாகப் புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான், ஒரு மனிதனை நடு இரவில் எழுப்பி ஆட்டுக்கல்லில் நெற்றியை முட்டவைக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயுற்றிருப்பது பற்றி 1926ல் எழுதிய கட்டுரையில் வர்ஜீனியா வுல்ஃப், தலைவலியைச் சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை இல்லை என்று குறைப்பட்டார். அவருக்கும் தலைவலி உண்டு. குறைப்பட உரிமையும் உண்டு.

தமிழைப் பொறுத்தவரை சொற்பஞ்சம் என்பதை நான் ஒப்ப மாட்டேன். திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பேச்சில் தலைவலி என்பதே கிடையாது, மண்டையிடி. (யாழ்ப்பாணத்து நண்பர்கள் தலையிடி என்பார்கள். இடி கடலின் இரண்டு கரைக்கும் பொது.) அந்த இடிக்குள் எத்தனை பிரிவுகள்! விண்விண்ணென்று தெறிப்பது, கும்மென்று கனப்பது, சுரீரென்று வெட்டி இழுப்பது, திருகாணி முடுக்கியதுபோல் குடைவது. நரம்பியல் மருத்துவர் நோயாளியிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று வலி எப்படி இருக்கிறது என்பது. தெறிப்பு என்றால் மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியின் பக்கம் சாய்வார். தலையைச் சுற்றித் துண்டு கட்டி இறுக்கினதுபோல் கும்மென்று இருக்கிறது என்றால் இறுக்கத் தலைவலி. ஒரு கண்ணுக்குப் பின்னால் குடைச்சல் என்றால், ஆங்கிலத்தில் கிளஸ்டர் என்றும் தமிழில் கொத்துத் தலைவலி என்றும் சொல்லப்படுவது. கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று ஒரு வெட்டு என்றால் முக்கிளை நரம்பின் வலி. பாட்டிகளின் வாயில் இந்தப் பாகுபாடு எப்போதோ தயாராக இருந்திருக்கிறது. தெறிப்புக்கும் குடைச்சலுக்கும் என்ன உறவு என்பதை மட்டும் அவர்கள் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி ஒரே கூரைக்குக் கீழே இருபத்தைந்து வருஷம் குடியிருந்தது.

அம்மாவுக்குத் தெறிப்பு. சித்தப்பாவுக்குக் குடைச்சல்.

அம்மாவுக்கு வரப்போவது முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிடும். ஓயாமல் கொட்டாவி விடுவாள். அடுக்களையில் நின்றபடியே கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருப்பாள். மறுநாள் காலையில் வலது பொட்டில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் மண்டை முழுக்கப் பரவிவிடும். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கோயிலுக்குப் போனால் வரும். ஏகாதசி பட்டினி இருந்தால் வரும். (தலைக்குக் குளிப்பதால் வரும் ஒற்றைத் தலைவலியை இந்திய மருத்துவர்கள் தனியாகவே பதிவு செய்திருக்கிறார்கள், மேல்நாட்டுப் பட்டியல்களில் அதற்கு இடம் கிடையாது.) சமையலை முடித்து, எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நெல் குதிருக்குப் பின்னால் இருந்த இருட்டில் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பாள். யாராவது பித்தளைத் தட்டைக் கீழே வைத்தால்கூட முகம் சுருங்கும். சாயந்திரம் வாந்தி எடுத்ததும் தெளிந்துவிடும். மாதம் இரண்டு முறை இது நடந்தது. யாரும் இதை நோய் என்று நினைத்ததில்லை. சுக்குப் பற்று, அமிர்தாஞ்சன் வாசனை, பித்தம் என்ற ஒரு சொல். அத்தோடு சரி.

சித்தப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தார். அவருக்கு முதல் தடவை வந்தது 1979 மார்கழியில், இருபத்தேழு வயதில். அதன்பின் வருஷா வருஷம் கார்த்திகைக் கடைசியில் தொடங்கித் தை பாதிவரை, தினமும், ராத்திரி இரண்டு மணிக்கு. கடிகாரம் பார்க்க வேண்டாம். தூங்கிக்கொண்டிருப்பவர் திடீரென்று எழுந்து உட்காருவார். இடது கண் சிவந்து, அந்த ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டும். அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும். இமை பாதி சரிந்துவிடும். படுக்க முடியாது, உட்கார முடியாது. முற்றத்தில் நடப்பார்; தெருவில் நடப்பார்; திரும்பி வந்து குளிர்ந்த ஆட்டுக்கல்லில் கண்ணை வைத்து அழுத்துவார்; தலையை மோதுவார். ஒரு மணி நேரம், சமயத்தில் இன்னும் கொஞ்சம். பிறகு விளக்கை ஊதி அணைத்ததுபோல் நின்றுவிடும். நாலரை மணிக்குப் பஜனை மடத்து ஒலிபெருக்கி ஆரம்பிக்கும்போது அவர் திண்ணையில் வேஷ்டியைப் போர்த்திக்கொண்டு சாதாரண மனிதனாக உட்கார்ந்திருப்பார்.

அந்த மாதங்களில் ஒரு வாய் சாராயம் போனாலும் ஒரு மணி நேரத்துக்குள் வலி வந்துவிடும். மற்ற மாதங்களில் தாராளமாகக் குடிப்பார், ஒன்றும் ஆகாது. ஆகவே கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வதை ஒரு வழக்கமாக்கிக்கொண்டார். ஊரில் அவருக்குப் பக்திமான் என்று பெயர் வந்ததற்கு இதுதான் காரணம்.

அம்மா அவரை நம்பவில்லை. அம்மா இரக்கமில்லாதவள் என்று யாரும் சொல்ல முடியாது. தெருநாய்க்குக் காலில் அடிபட்டால் மஞ்சள் அரைத்துப் போடுகிறவள். ஆனால் இந்த விஷயத்தில் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. "எனக்குந்தான் மாசத்துக்கு ரெண்டு தடவ மண்டையிடி வருது. நான் என்ன ஊரக் கூட்டுதேனா?" இதை அவர் காதுபடவே சொல்வாள். அந்தக் கணக்கில் ஒரு தப்பும் கிடையாது. இரண்டுக்கும் பெயர் ஒன்று. ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருட்டில் கிடக்கிறாள், ஒருத்தர் தெருவையே எழுப்புகிறார். அப்படியானால் இரண்டாமவர் நடிக்கிறார், அல்லது ஆண்பிள்ளைக்குச் செல்லம். வலியை வலியால் அளந்தவளுக்கு, தன் கையிலிருந்த முழக்கோல் இன்னொரு சரக்கை அளக்காது என்று சொல்ல யாரும் இல்லை. சித்தப்பா பதில் சொல்ல மாட்டார். என்ன சொல்வது? 'மைனிக்கு வருவது வேற' என்று சொல்லத் தோன்றியிருக்கலாம். எந்த விதத்தில் வேறு என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் கண்ணீர் வடியும் ஒரு கண்ணைத் தவிர ஆதாரம் இல்லை.

1984ல் ஒரு பல் வைத்தியர் அவருக்கு இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். நல்ல பற்கள். பிடுங்கின பத்தாம் நாள் வலி நின்றுவிட்டது, ஏனென்றால் தை பாதி ஆகிவிட்டிருந்தது. அடுத்த மார்கழியில் திரும்ப வந்தது. 1988ல் மூக்கைத் துளைத்துச் சைனஸைக் கழுவினார்கள். அதுவும் நின்றது, தை மாதத்தில். மந்திரித்தவர், கண்ணாடி மாற்றியவர், மில்லில் ராத்திரி ஷிப்டை விடச் சொன்னவர், எல்லோருக்கும் வெற்றி கிடைத்தது. தானாகவே போய்விடும் பருவம் உள்ள நோய் இருக்கிறதே, அதைப்போல் வைத்தியனுக்கு அனுகூலமானது வேறில்லை. வைத்தியர்களுக்குப் புகழும் சித்தப்பாவுக்குப் பொக்கை வாயும் மிஞ்சின. கொத்துத் தலைவலிக்காரர்கள் பற்களை இழப்பது உலகம் முழுக்க உள்ள கதை என்று பிற்பாடு படித்தேன். கண்ணில் தொடங்கும் வலி மேல்தாடைக்கு இறங்குவதால், பல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம்.

என் பங்குக்கு எனக்கும் ஒன்று உண்டு. பதினான்கு வயதில், 1980ல், கரும்பலகையில் ஒரு எழுத்துக் காணாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் ஒரு மினுமினுப்பு. அது மெல்ல வளைந்து, பிறைபோலாகி, விளிம்பெல்லாம் கோணல் கோணலாக, சரிகைக் கரைபோல் நடுங்கிக்கொண்டே பார்வையின் ஓரத்துக்கு நகர்ந்து இருபத்தைந்து நிமிஷத்தில் வெளியேறிற்று. பிறகு அம்மாவின் வலி, அதே பொட்டில். கண் மருத்துவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். இதே பிறையை ஹியூபர்ட் ஏரி என்ற ஆங்கிலேய மருத்துவர் 1870ல் தன் கண்ணில் கண்டபடி கட்டம் கட்டமாக வரைந்து வெளியிட்டிருக்கிறார். கோட்டை மதிலைப் பார்ப்பது என்ற பொருளில் அதற்குக் கிரேக்கத்திலிருந்து ஒரு பெயரும் வைத்தார். வானவியலாளரான அவர் தகப்பனார் ஜார்ஜ் ஏரிக்கும் அதே மதில் தெரிந்தது. அவர் 1865லேயே எழுதிவிட்டார். அந்தக் குடும்பத்தில் தகப்பன் வழி, எங்கள் வீட்டில் தாய் வழி. மைக்ரேன் குடும்பச் சொத்து என்பதில் இன்று சந்தேகமில்லை. 2022ல் வெளியான ஒரு பெரிய மரபணு ஆய்வு அதற்கு 123 இடங்களைக் குறித்திருக்கிறது.

ஆக எனக்கும் அம்மாவுக்கும் ரத்த உறவு, வலியிலும். சித்தப்பாவோ அப்பாவின் தம்பி. கல்யாணம் என்ற ஒன்று நடந்திராவிட்டால் அம்மாவின் தெறிப்பும் சித்தப்பாவின் குடைச்சலும் ஒரு முற்றத்தில் சந்தித்திருக்காது. இவை பங்காளிகளா, வெறும் சம்பந்திகளா? என் கேள்வி இதுதான். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் தர்க்கித்ததும் இதையேதான், வேறு வார்த்தைகளில்.

பழையவர்கள் பெருக்கிக்கொண்டு போனார்கள். சுஸ்ருத சம்ஹிதை தலை நோய்கள் 11 என்கிறது. அதில் பாதித் தலையைப் பிளக்கும் அர்த்தாவபேதகம் ஒன்று. சூரியனோடு ஏறி உச்சியில் உக்கிரமாகிச் சூரியனோடு இறங்கும் சூர்யாவர்த்தம் இன்னொன்று. வலியைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்த்த அந்த இரண்டாவது வகையின் முன் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இன்றைய எந்த நோயோடும் அதை ஒட்டவைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அந்தக் கவனிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். கிரேக்கத்தில் காலென் பாதி மண்டை என்று பொருள்படச் சொன்ன ஹெமிக்ரேனியாதான் பிரெஞ்சில் தேய்ந்து மைக்ரேன் ஆயிற்று. நம் ஒற்றைத் தலைவலியும் அதே பொருள். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பெயர் அதற்குச் சரியாகப் பொருந்துவதில்லை. அம்மாவுக்கு ஆனதுபோல் மைக்ரேன் இரண்டு பக்கமும் பரவும், பக்கம் மாறும். பிடிவாதமாக ஒற்றைப் பக்கத்திலேயே நிற்பது கொத்துத் தலைவலி. பெயர் பங்காளிக்குப் போக வேண்டியது, பாகப்பிரிவினையில் தவறிப்போயிற்று.

1873ல் எட்வர்ட் லிவிங் என்ற ஆங்கிலேயர் மைக்ரேன் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். அதை அவர் நரம்புப் புயல் என்றார். வலிப்பு, ஆஸ்த்மா போன்றவற்றோடு அதற்கு உறவு கற்பித்தார். அவரது கற்பனையில் நல்ல அம்சம் ஒன்று இருந்தது: நோயை ஒரு பொருளாக இல்லாமல் ஒரு நிகழ்ச்சியாகப் பார்த்தார். பிறகு ரத்தக்குழாய்க்காரர்களின் காலம். அமெரிக்காவில் ஹெரால்ட் வுல்ஃப், கிரஹாம் என்பவரோடு சேர்ந்து 1938ல், எர்காட்டமைன் கொடுத்தால் பொட்டு நாளத்தின் துடிப்புக் குறைகிறது, கூடவே வலியும் குறைகிறது என்று காட்டினார். நாளம் விரிவதால் வலி என்ற இந்த விளக்கம் அத்தனை அழகாக, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்ததால் அரை நூற்றாண்டு செங்கோல் செலுத்திற்று. இதை நம்பி நாளத்தைச் சுருக்குவதற்காகத் தேடித்தான் சுமாட்ரிப்டான் என்ற மருந்து உருவாகி 1991ல் வந்தது. மருந்து பலித்தது. கோட்பாடு பலிக்கவில்லை. நாளத்தைச் சுருக்குவதைவிட, நரம்பு முனைகளிலிருந்து ரசாயனம் கசிவதைத் தடுப்பதே அது செய்யும் முக்கியமான வேலை என்று இன்று கருதுகிறார்கள். தவறான விமர்சனக் கொள்கையை வைத்துக்கொண்டு நல்ல கவிதையைக் கண்டுபிடிப்பவர்கள் நம்மிடையேயும் இருப்பதால் இது எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

சித்தப்பாவின் நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் தடுமாறினார்கள். லண்டனில் வில்ஃப்ரெட் ஹாரிஸ் 1926ல் அதை மைக்ரேன்தன்மையுள்ள நரம்புவலி என்றார். பாதி அந்த வீட்டுப் பிள்ளை, பாதி இந்த வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் பேயர்ட் ஹார்ட்டன் 1939ல் விவரித்து, ஹிஸ்டமின்தான் காரணம் என்று எண்ணி, ஹிஸ்டமினையே சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கப் பார்த்தார். 1952ல் குங்கிள் என்பவர், தாக்குதல்கள் கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்து, கிளஸ்டர் என்றார். பூங்கொத்து, சாவிக்கொத்து என்கிற கொத்து. தமிழில் இதைப் பெயர்த்தவர் யாரோ, தனக்குத் தெரியாமலே ஒரு காரியம் செய்துவிட்டார். சித்தப்பாவிடம் இந்தப் பெயரைச் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார்: "சரிதான் வே, கொத்தத்தான் செய்யுது." அவருக்குக் கொத்து என்றால் பாம்பு செய்வது.

பெயர் கிடைத்தது 2003ல். ஒரு இளம் பெண் மருத்துவர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வலி வரும்போது படுப்பீர்களா, நடப்பீர்களா? நடப்பேன் என்றார். இருபத்து நான்கு மார்கழி முடிந்திருந்தது. அவர் பல்லைப் பார்த்தவர்கள், மூக்கைப் பார்த்தவர்கள், சாராயத்தைப் பார்த்தவர்கள் யாரும் அவர் காலைப் பார்க்கவில்லை. மைக்ரேன்காரர் அசையாமல் கிடப்பார், ஏனெனில் மாடிப்படி ஏறினால்கூட அவருக்கு வலி கூடும். கொத்துத் தலைவலிக்காரரால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் அம்மா செல்லம் என்று படித்தாள்.

அப்படியானால் சம்பந்தமே இல்லையா? அதுவும் இல்லை. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்கும் நாளங்களுக்கும் தெரியும். அந்தச் செய்தியைக் கொண்டுவருவது முகத்துக்கும் பொறுப்பான முக்கிளை நரம்பு. அது மூளைத்தண்டில் போய்ச் சேரும் இடத்திலேயே கழுத்தின் மேற்புற நரம்புகளும் வந்து சேர்கின்றன. அதனால்தான் மைக்ரேன்காரர் பிடரியைத் தடவிக்கொண்டிருக்கிறார். அதே இடத்திலிருந்து கண்ணீருக்கும் மூக்கு நீருக்கும் ஒரு வாய்க்கால் பிரிகிறது. கொத்துத் தலைவலியில் அந்த மடை முழுசாகத் திறக்கிறது. மைக்ரேனிலும் சிலருக்குக் கண் கலங்கும், லேசாக. வாய்க்கால் பொது, மடையின் திறப்பு வேறு.

ரசாயனத்திலும் அப்படியே. சி.ஜி.ஆர்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புரதத் துணுக்கு ஒன்று, மைக்ரேன் தாக்குதலின்போது கழுத்துச் சிரை ரத்தத்தில் உயர்வதை கோட்ஸ்பியும் எட்வின்சனும் 1990ல் கண்டார்கள்; 1994ல் கொத்துத் தலைவலியிலும் அதையே கண்டார்கள். அதை மைக்ரேன்காரருக்கு ரத்தத்தில் செலுத்தினால் மைக்ரேன் வருகிறது என்று 2002ல் டென்மார்க்கில் காட்டினார்கள். கொத்துத் தலைவலிக்காரருக்குச் செலுத்தினால்? பருவத்தில் இருப்பவருக்கு வலி வருகிறது. பருவம் ஓய்ந்திருப்பவருக்கு வருவதில்லை. 2018ல் வந்த இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் சாராயம்தான் ஞாபகம் வந்தது. மார்கழியில் ஒரு வாய்க்கு வலி, சித்திரையில் ஒரு குப்பிக்கும் ஒன்றுமில்லை. கொலையாளி இரண்டு வீட்டிலும் ஒருவன்தான். ஆனால் ஒரு வீட்டின் கதவு குறிப்பிட்ட மாதங்களில் மட்டுமே திறந்திருக்கிறது.

அந்தக் கதவைத் திறப்பது எது? ஹைபோதலாமஸ் என்று மூளையின் அடியில் ஒரு சிறு பகுதி. தூக்கத்துக்கும் பசிக்கும் பருவத்துக்கும் உடம்பின் கடிகாரம் அங்கே இருக்கிறது. கொத்துத் தலைவலித் தாக்குதலின்போது அந்தப் பகுதி விழிப்பதை 1998ல் படமெடுத்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் மார்கழிக்கும் அங்கே விளக்கம் கிடைக்கும்போல் இருந்தது. இது மைக்ரேனிலிருந்து கொத்துத் தலைவலியை நிரந்தரமாகப் பிரித்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள். 2016ல் ஜெர்மனியில் ஷுல்டே, மை என்ற இருவர், மைக்ரேன் உள்ள ஒரே ஒருவரைத் தொடர்ந்து 30 நாட்கள், தினமும் படமெடுத்தார்கள். வலி வருவதற்கு முந்தின நாளே அவருக்கும் ஹைபோதலாமஸின் இயக்கம் மாறியிருந்தது. அம்மாவின் கொட்டாவி, அம்மாவின் கருப்பட்டி. கருப்பட்டி தின்றதால் மண்டையிடி வந்தது என்று பாட்டி திட்டுவாள். மண்டையிடி உள்ளே ஆரம்பித்துவிட்டதால் கருப்பட்டி கேட்டது என்பதுதான் நடந்ததுபோல் இருக்கிறது.

மருந்துகளைப் பார்த்தால் உறவு இன்னும் சிக்கலாகிறது. சுமாட்ரிப்டான் ஊசி இரண்டுக்கும் கேட்கும். மைக்ரேனைத் தடுக்கும் புரோப்ரனலால் கொத்துக்கு உதவாது. கொத்தைத் தடுக்கும் வெரபமில்தான் சித்தப்பாவுக்குக் கொடுத்தார்கள், அவ்வப்போது இதயத்தின் மின்படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு. சி.ஜி.ஆர்.பி.யைப் பிடித்து முடக்கும் ஊசிகள் 2018லிருந்து மைக்ரேனுக்கு வந்தன. அவற்றில் ஒன்று, விட்டு விட்டு வரும் கொத்துத் தலைவலிக்கும் பலன் தந்தது. வருஷம் முழுக்க ஓயாமல் வரும் கொத்துத் தலைவலிக்குப் பலன் தரவில்லை. ஒரே பெயருள்ள நோயின் இரண்டு பாதிகளுக்குள்ளேயே இந்தப் பிளவு.

இந்தோமெத்தசின் என்ற பழைய வலி மாத்திரை செய்த காரியம் இதைவிட விநோதம். நார்வேயில் ஒட்டார் ஷாஸ்டாட் 1974ல் ஒரு தலைவலியை விவரித்தார். சித்தப்பாவுடையது போலவே கண்ணீரும் மூக்கடைப்புமாக ஒற்றைப் பக்கத்தில் வரும். ஆனால் தாக்குதல் சில நிமிஷங்கள்தான், நாளொன்றுக்குப் பல தடவை. இந்தோமெத்தசின் கொடுத்தால் அடியோடு நிற்கும். 1984ல் அவர் இன்னொன்றையும் சொன்னார்: இடைவிடாமல், மாதக்கணக்கில், ஒரே பக்கத்தில். அதுவும் அதே மாத்திரைக்கு அடியோடு நிற்கும். நிற்காவிட்டால் அது அந்த நோயே அல்ல. மாத்திரைக்குக் கீழ்ப்படிவதே நோயின் லக்ஷணமாக விதிக்கப்பட்டிருக்கிறது. கொத்துத் தலைவலிக்கோ மைக்ரேனுக்கோ இந்த மாத்திரை அப்படிக் கேட்பதில்லை. ஏன் என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் வந்தபாடில்லை.

தலைவலிகளின் சர்வதேசப் பட்டியல் ஒன்று இருக்கிறது. யெஸ் ஓலெசன் என்ற டேனிஷ் மருத்துவரின் தலைமையில் 1988ல் முதல் பதிப்பு, 2018ல் மூன்றாவது. 14 அத்தியாயங்கள். விமர்சகர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. ஷாஸ்டாட் சொன்ன அந்த இடைவிடாத வலி இரண்டாம் பதிப்பில் இதர தலைவலிகளோடு நாலாவது அத்தியாயத்தில் கிடந்தது. மூன்றாம் பதிப்பில் அதைத் தூக்கிக் கொத்துத் தலைவலியின் அத்தியாயத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நோயாளிக்கு ராத்திரியில் ஒரு மாற்றமும் இல்லை; குலம் மாறிவிட்டது. இன்னொரு விதி எனக்கு மிகவும் உவப்பானது. அந்தப் பட்டியல் தலைவலிகளை வகைப்படுத்துகிறது, ஆட்களை அல்ல. ஒருவருக்கு மூன்று விதம் இருந்தால் மூன்று பெயரும் தனித்தனியாக எழுத வேண்டும். நாம் ஒரு கவிஞனை ஒரு தடவை ஒரு கூண்டில் போட்டால் பிறகு அவன் எழுதும் சலவைக் கணக்குக்கும் அதே பெயரைத்தான் வைக்கிறோம். தவிர, கடைசி அத்தியாயத்தில் எந்த வகையிலும் சேராத தலைவலிக்கு ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் இலக்கிய வரலாறுகளில் அந்த அறை கட்டப்படவே இல்லை.

வலியைச் சிருஷ்டியோடு முடிச்சுப் போடும் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஹில்டெகார்டின் ஒளித் தரிசனங்கள் மைக்ரேனின் மதில்கள்தான் என்று சார்லஸ் சிங்கர் எழுதினார். ஆலிவர் சாக்ஸ் 1970ல் மைக்ரேன் பற்றி எழுதிய புத்தகம் அதைப் பரப்பிற்று. இருக்கலாம். நாற்பது வருஷத்துக்கு மேலாக எனக்கும் அந்த மதில் தெரிகிறது. லாஷ்லி என்ற அமெரிக்கர் 1941ல் தன் கண்ணில் மதில் நகர்வதை அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிஷத்துக்கு 3 மில்லிமீட்டர் ஊர்கிறது என்று கணக்கிட்டார். நத்தை இதைவிட வேகம். மூன்று வருஷம் கழித்து, 1944ல், பிரேசில்காரரான லியாவ், வலிப்பை ஆராயப் போய் முயல்களின் மூளையில் ஏறத்தாழ அதே வேகத்தில் ஊரும் ஒரு மௌன அலையைக் கண்டார். இரண்டும் ஒன்று என்று மற்றவர்கள் இணைத்துப் பார்க்கப் பல வருஷம் ஆயிற்று. என் அனுபவத்தில் அந்த அலையிடம் சொல்வதற்கு ஒன்றும் கிடையாது. அது ஒவ்வொரு தடவையும் அதே மதிலை அதே திசையில் கட்டுகிறது. கவிதை எழுதுகிறவன் அப்படிச் செய்தால் நாம் விடுவோமா? கொத்துத் தலைவலியை யாரும் தரிசனம் ஆக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதில் காட்சி இல்லை. தற்கொலைத் தலைவலி என்று ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது உருவகமாக வைத்தது அல்ல. கிணற்றடிப் பக்கம் சித்தப்பா நடந்தால் அப்பா பின்னாலேயே போவார், ஒன்றும் பேசாமல்.

2004 மார்கழியில் வீட்டுக்கு ஆக்ஸிஜன் உருளை வந்தது. வெரபமில் பாதியைத் தடுத்தது. மீந்த ராத்திரிகளுக்கு இது. முகமூடி வைத்து நிமிஷத்துக்கு 12 லிட்டர், கால் மணி நேரம். (இதை முறையாகச் சோதித்து 2009ல் வெளியிட்டார்கள்: ஆக்ஸிஜன் சுவாசித்த தாக்குதல்களில் 78 சதவீதம் கால் மணியில் தணிந்தது, வெறும் காற்றில் 20 சதவீதம். மைக்ரேனில் ஆக்ஸிஜனுக்கு இந்தக் கியாதி கிடையாது.) உருளை வாடகைக்குக் கொடுப்பவர் லேசில் இணங்கவில்லை. மூச்சு முட்டுகிறவர்களுக்குத்தானே கொடுப்பது, இவர் நடந்து வந்து கேட்கிறாரே என்றார். மருத்துவரின் சீட்டை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. ஐம்பதைத் தாண்டியதும் அவளுடைய மண்டையிடி தானாக விட்டுப்போயிருந்தது, பல பெண்களுக்கு ஆவதுபோல. முதல் ராத்திரி, உருளையைத் திறக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால் நானும் இருந்தேன். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அவர் எழுந்தார். கண் சிவந்தது. முகமூடியை வைத்தோம். இரண்டு இருபது வரை அவர் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டம் குறைந்தது. இரண்டே கால் மணி நேரத் தூக்கம் கெட்ட ஒரு மனிதரைப்போல் சாதாரணமாக மூச்சு விட்டார். இத்தனை வருஷத்தில் அம்மா அவர் முகத்தை அவ்வளவு நேரம், அந்த நேரத்தில், விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததில்லை.

"தம்பி, இது நம்ம மண்டையிடி இல்ல" என்றாள்.

அவர் முகமூடிக்குள்ளிருந்து, "ஆமா மைனி" என்றார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசினதாக எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து கார்த்திகை பிறந்ததும் உருளைக்காரருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்பவள் அம்மாவாக இருந்தாள்.

நம்ம மண்டையிடி இல்லை என்பது முழுக்கச் சரியும் இல்லை. வாய்க்கால் பொது, துணுக்குப் பொது, கடிகாரம்கூட ஓரளவு பொது. இதை அன்றைக்கு அம்மாவிடம் விளக்கியிருந்தால் அநியாயமாக இருந்திருக்கும். இருபத்தைந்து வருஷம் ஒன்று என்று நினைத்தவளுக்கு முதலில் வேறு என்று தெரிய வேண்டியிருந்தது. உறவு இருக்கிறது என்பதைப் பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். சொல்லவில்லை. அம்மா 2015ல் போய்விட்டாள். சித்தப்பாவுக்கு எழுபது தாண்டியபின் பருவங்கள் தள்ளிப் போகின்றன. இரண்டு மார்கழிகள் சும்மா கடந்தன. உருளையை அவர் திருப்பிக் கொடுக்க விடுவதில்லை. மாத வாடகை கட்டிக்கொண்டு அது திண்ணை மூலையில் நிற்கிறது, ஐயப்ப மாலை அதன் கழுத்தில்.

எனக்கு இப்போது மதில் மட்டும் வருகிறது. போன மாதம் அச்சுப்படி திருத்திக்கொண்டிருக்கும்போது ஒரு வரியில் நாலு எழுத்து மறைந்தது, சரிகை நடுங்கிற்று, இருபத்தைந்து நிமிஷத்தில் வெளியேறிற்று. வலி வரவில்லை. வயதானால் சிலருக்கு இப்படி ஆகுமாம். பட்டியலில் தேடிப் பார்த்தேன். தலைவலி இல்லாத இதற்கும் தலைவலிகளுக்குள்ளேயே, மைக்ரேன் அத்தியாயத்தில், 1.2.1.2 என்று எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.